வளைவு சரி, லாங் ஜம்ப் குழி எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு "அருமை சார்" என்று கமெண்ட் போடுபவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

நான்கு நாளாக முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். பள்ளிக்கு நுழைவாயில் வளைவு கட்டப் போகிறோம், உள்ளே ஒரு கலையரங்கம், கொடை கொடுத்தவர்கள் பெயர் கிரானைட்டில். சென்னையில் இருப்பவரும் துபாயில் இருப்பவரும் பெங்களூரில் இருப்பவரும் தொகை சொல்கிறார்கள். ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று கேள்வி. எந்தப் பள்ளி என்று இங்கே எழுத மாட்டேன். நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று, அவ்வளவுதான். குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவசியமில்லை. ஏனென்றால் நான் சொல்லப் போவது வேட்டவலம் பக்கமும் பொருந்தும், சோமாசிபாடி பக்கமும் பொருந்தும், செஞ்சி தாண்டியும் பொருந்தும்.

வரைபடத்தின் போட்டோவையும் போட்டிருந்தீர்கள். நாற்பது பேர் கை தட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி. கேட்டவள் ஒரு பழைய மாணவி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"கலையரங்கம் அங்க வந்தா லாங் ஜம்ப் குழி எங்க போகும்?"

அதற்கு யாரும் பதில் போடவில்லை. அடுத்த செய்தி, கிரானைட் கறுப்பா சிவப்பா என்பது.

அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. உங்களில் பலருக்கு அரசுப் பள்ளி என்றால் அரசாங்கம் வானத்திலிருந்து இறக்கி வைத்தது என்ற நினைப்பு. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடந்தன. அரசாங்கத்திடம் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இருந்தது, கட்டடத்துக்கும் பெஞ்சுக்கும் போதவில்லை. எனவே ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கொடுத்தார்கள். நிலம் கொடுத்தார்கள், கிணறு வெட்டிக் கொடுத்தார்கள், கரும்பலகையும் கடிகாரமும் கொடுத்தார்கள். மதிய உணவுத் திட்டமே 1956-ல் முதலில் ஊரார் பங்களிப்போடு ஓடத் தொடங்கியதுதான். நம் பக்கத்தில் பெரும்பாலான பள்ளிகளின் மைதானம் இப்படி யாரோ ஒரு குடியானவர் விட்டுக் கொடுத்த நிலமோ, ஊர்ப் பொது நிலமோதான். மானாவாரியில் மல்லாட்டை போட்டால் நாலு மூட்டை வரும் நிலம். அதை "பிள்ளைங்க ஓடட்டும்" என்று விட்டார்கள். அவர்கள் பெயரெல்லாம் எந்தக் கிரானைட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்?

நான் 1978-ல் பத்தாவது எழுதியவன். அதுவரை பதினோராவது வரை பள்ளி, பிறகு கல்லூரியில் பி.யூ.சி. எங்கள் செட்டிலிருந்துதான் அது மாறியது. 1980-ல் தமிழ்நாட்டின் முதல் பிளஸ் டூ தேர்வை எழுதிய கூட்டத்தில் நானும் ஒருவன். சோதனை எலி என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்வோம். அந்த மாற்றத்தால் நம் ஊர்ப்பக்கம் கிடைத்த நன்மையைச் சொல்லாமல் விட்டால் பாவம். பி.யூ.சி. படிக்க திருவண்ணாமலைக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகளை யார் அனுப்பினார்கள்? உயர்நிலைப்பள்ளி மேல்நிலைப்பள்ளியாக ஆனபோது, மேக்களூரிலிருந்தும் ஆவூரிலிருந்தும் நடந்தும் சைக்கிளிலும் வந்து பெண்கள் பன்னிரண்டாவது முடித்தார்கள். இன்று நர்ஸாக, டீச்சராக, தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருக்கும் நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். நம் மாவட்டமே 1989-ல்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து வந்தது. அதற்கு முன் ஒரு கையெழுத்துக்கு வேலூர் போக வேண்டும்.

படிப்பில் அரசுப் பள்ளி மோசமில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. அந்தப் பதிவை ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன், என் சொந்த மச்சானே படிக்கவில்லை. மயில்சாமி அண்ணாதுரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்று ஃபார்வர்டு அனுப்புகிறீர்கள். அனுப்பிவிட்டு மறுநாள் காலை ஆறரைக்குப் பேரனை வேனில் ஏற்றி திருவண்ணாமலைக்கு அனுப்புகிறீர்கள். தூக்கத்தில் தலை தொங்க உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தைகளைப் பெட்டிக்கடை பக்கம் நின்று தினமும் பார்க்கிறேன். உங்கள் காசு, உங்கள் பிள்ளை, நான் யார் கேட்க. ஆனால் 2020-ல் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததும், "மாமா, ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில போட்டா போதுமா?" என்று போன் செய்த உறவுக்காரர்கள் மூன்று பேர். போதும் ராஜா. ஆறு முதல் பன்னிரண்டு வரை. நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காடு கேட்டது, 7.5 கிடைத்தது. அதற்கு முன் விரல் விட்டு எண்ணும் அளவில் போன பிள்ளைகள், அந்த ஆண்டே சுமார் நானூறு பேர் போனார்கள். நல்ல சட்டம். வாசல் திறந்தால் நம் பிள்ளைகள் நுழைவார்கள் என்று காட்டிய சட்டம்.

சரி, மைதானத்துக்கு வருகிறேன்.

குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான். பொறியாளர், நல்ல பையன், என்னிடம் பிளஸ் ஒன்னில் படித்தவன். "சார், இந்தக் காலத்துல கிரவுண்டு யாருக்கு வேணும்? சாயங்காலம் ஆனா பாட்டில்தான் கிடக்குது. மாடு மேயுது. அதுக்கு ஸ்மார்ட் கிளாஸ், நீட் கோச்சிங், கலையரங்கம்னு ஏதாவது உருப்படியா வரட்டும்."

பாட்டில் கிடப்பது உண்மை. மாடு மேய்வதும் உண்மை. நூலகத்தில் கரையான் வந்தால் நூலகத்தை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டுவாயா, தம்பி? சுற்றுச்சுவரில் இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க ஆறு லட்சம் ஆகாது. அடைத்தால் உன் பெயர் தெரியாது, அதுதான் சங்கடம்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் ஒரு பள்ளிக்கு என்னென்ன இருந்தே ஆக வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், சமையலறை. அந்த வரிசையிலேயே விளையாட்டு மைதானமும் இருக்கிறது. அதாவது கழிப்பறை எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். கழிப்பறையை இடித்துக் கலையரங்கம் கட்டலாம் என்று குழுவில் யாராவது சொன்னால் நாற்பது பேர் கை தட்டுவீர்களா?

அதே அட்டவணையில் இன்னொன்றும் உண்டு. ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும். அதற்காக 2012-ல் நம் மாநிலத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். மே மாதம் சம்பளம் கிடையாது. பிறகு தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, நிரந்தரம் மட்டும் ஆகவில்லை. அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். மீதி நாளில் கடலை மில்லிலோ, கேட்டரிங்கிலோ வேலை பார்த்துவிட்டு விசிலோடு வந்து நின்ற பி.டி. சார்களை நான் கண்ணால் பார்த்தேன். அப்படி ஒருவர் தன் காசில் கோகோ கம்பம் நட்டார். கோகோ ஆடுகளத்துக்கு 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம் போதும், இரண்டு கம்பம் போதும். இதைவிட மலிவான விளையாட்டு இல்லை. அந்த ஆளுக்கு ஒரு சால்வை போட யாருக்கும் தோன்றவில்லை. நானும் போடவில்லை.

கணக்கு வாத்தியாருக்கு மைதானத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1990-களின் தொடக்கம். ஆண்டு விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம். பழைய பி.டி. சார், மிலிட்டரியிலிருந்து வந்தவர், சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் வேடிக்கை பார்த்தேன். எங்களுடையது 200 மீட்டர் தடம்தான். 400 மீட்டர் தடம் போட்டால் நாலு ஏக்கர் விழுங்கிவிடும். வெளித் தடத்தில் ஓடுபவனை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும், எவ்வளவு தள்ளி என்று கேட்டார். கேட்டது என்னைச் சோதிக்க. அவருக்குத் தெரியும். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். சுற்றளவு வித்தியாசம், இரண்டு பை பெருக்கல் 1.22. ஒரு சுற்றுக்கு 7.66 மீட்டர். மைதானம் சின்னதோ பெரிதோ, ஆரம் எவ்வளவு ஆனாலும் அதே 7.66. நான் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். எம்.எஸ்சி. கணக்கு படித்தவன், இதை யோசித்ததே இல்லை.

மறு வாரம் ஒன்பதாம் வகுப்பை வெளியே அழைத்துப் போய் டேப்பைக் கையில் கொடுத்தேன். உள் தடம், வெளித் தடம் அளந்தார்கள். தரையிலேயே குச்சியால் கணக்குப் போட்டார்கள். மூன்று பாடத்தில் ஃபெயில் ஆகும் ஒருவன், கருங்காலிகுப்பத்துப் பையன், கோட்டின் மேல் குந்தி உட்கார்ந்து கத்தினான்: "சார், ஆரம் அடிபட்டுப் போச்சு சார்!"

முப்பத்துச் சொச்சம் ஆண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்ததில், ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துக் கத்தியதை நான் கேட்டது ஐந்தாறு தடவை இருக்கும். அதில் முதல் தடவை அது. ஸ்மார்ட் கிளாஸ் திரையில் அந்த வட்டம் அழகாகச் சுற்றும், தெரியும். ஆனால் அவன் அதைக் காலால் ஓடியிருந்தான். வெளித் தடத்தில் ஓடித் தோற்றிருந்தான். அதனால் அவனுக்கு அந்த 7.66 மீட்டர் ஏன் என்ற கேள்வி வயிற்றில் இருந்தது.

மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் போனது. பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவனைப் பார்த்து "நீ உயரம் தாண்டு" என்று சொன்னவர் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர், பாராலிம்பிக் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். தேசத்துக்கு இத்தனையும் கிடைத்ததற்கு ஒரு பள்ளியில் ஒரு மைதானமும், அதில் நின்று பிள்ளைகளைக் கவனித்த ஒரு ஆளும் காரணம். போன 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்த கண்ணகி நகர் கார்த்திகாவுக்கு நீங்கள் எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். வைத்த கை இப்போது வரைபடத்துக்கும் தட்டுகிறது.

எல்லாப் பிள்ளையும் மாரியப்பன் ஆகப் போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. குறுவட்டப் போட்டி, பிறகு வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம். இதில் மாவட்டத்தில் ஒரு இடம் பிடித்த பிள்ளைக்குக் கல்லூரியில் கதவு கொஞ்சம் திறக்கும். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் தனியாக உண்டு. அரசு வேலையில் 3 விழுக்காடு உண்டு. போலீஸ் உடல் தகுதித் தேர்வில் நீளம் தாண்ட வேண்டும், ஓட வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் போலீசுக்கும் மிலிட்டரிக்கும்தானே அதிகம் எழுதுகிறார்கள்? எழுத்துத் தேர்வில் பாஸ் செய்துவிட்டு மைதானத்தில் மூச்சு வாங்கித் திரும்பி வந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். உங்கள் பெயரைச் சொல்லவா?

இப்போது என் பங்கு.

பத்தாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பீரியட் விளையாட்டு. அதைத் திருடியவர்களில் நான் முக்கியமானவன். தேர்ச்சி விழுக்காட்டில் நம் மாவட்டம் கடைசி வரிசையில் நின்ற ஆண்டுகள் உண்டு. கூட்டம் போட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். கேட்டால் வாத்தியார் என்ன செய்வான்? ஆகஸ்ட் வந்தால் பி.டி. பீரியட் கணக்குக்கு. பி.டி. சாரிடம் கேட்கக்கூட மாட்டேன். வாசலில் போய் நிற்பேன், பிள்ளைகள் முகம் தொங்கும், உள்ளே வருவார்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

2004-ல் ஒரு பெண். அப்பா கூலி, அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். குறுவட்டப் போட்டியில் நீளம் தாண்டுதலில் முதல் இடம். 4 மீட்டர் 62 சென்டிமீட்டர். ஷூ இல்லாமல். அந்தக் குழியில்தான் பழகினாள். மாவட்டப் போட்டி திருவண்ணாமலையில், இரண்டு நாள். அதே இரண்டு நாள் பத்தாம் வகுப்புக்கு மாதத் தேர்வு. நான்தான் வகுப்பாசிரியர். பி.டி. சார் வந்து கேட்டார், கெஞ்சினார் என்றே சொல்லலாம். "கணக்குல முப்பதுதான் எடுக்கிறா, இப்ப ரெண்டு நாள் விட்டா போச்சு" என்றேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவள் போகவில்லை. மாதத் தேர்வில் 38. பொதுத் தேர்வில் 52. அந்த ஆண்டு என் பாடத்தில் நூறு விழுக்காடு. பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், ஃபிரேம் போட்டது, இப்போதும் அலமாரியில் இருக்கிறது. அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம். பிளஸ் ஒன் பாதியில் நின்றது. மாவட்டப் போட்டிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் அவள் கையில் ஒரு சான்றிதழ் இருந்திருக்கலாம், வீட்டில் "ஸ்போர்ட்ஸ்ல சீட்டு கிடைக்கும்பா" என்று சொல்ல ஒரு வாத்தியார் போயிருக்கலாம். நான் அந்த வாத்தியாராக இல்லை. எனக்கு 52 கிடைத்தது.

குழுவில் கேள்வி கேட்டவள் அவள்தான். பெயரைச் சொல்லவில்லை, அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். போனில் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார், பொண்ணு எட்டாவது படிக்கிறா, அதே ஸ்கூலு. அவளும் தாண்டுறா. அதுக்காகத்தான் கேட்டேன்" என்றாள். எவ்வளவு தாண்டுகிறாள் என்று கேட்டேன். "குழியில மணல் இல்ல சார், வெறும் மண்ணு. கால் உடையும்னு நான்தான் வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன்."

உங்கள் வரைபடத்தில் அந்தக் குழியின் மேல்தான் மேடை வருகிறது. நான் நேற்று போய்க் காலால் அளந்து பார்த்தேன். மேடையின் இடது படிக்கட்டு சரியாகக் குழியின் நடுவில்.

கலையரங்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆண்டு விழாவில் பிள்ளைகள் வெயிலில் நின்று ஆடுவதை நானும் பார்த்திருக்கிறேன். பழைய சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் முள் மண்டிக் கிடக்கும் இடம் இருக்கிறது, அங்கே கட்டுங்கள். ரோட்டிலிருந்து தெரியாது என்று சொல்வீர்கள். ஆமாம், தெரியாது. வளைவும் வேண்டுமானால் கட்டுங்கள், தடுக்கும் சக்தி எனக்கு இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீர்களா? கிரானைட் நிறத்தைப் பற்றி நூற்றிருபது மெசேஜ் ஓடியிருக்கிறது, பெற்றோர் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை.

என் பங்காக இருபதாயிரம் என்று குழுவில் யாரோ நானே சொல்லாமல் எழுதி வைத்திருக்கிறீர்கள். வளைவுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. குழிக்கு மணல் ஒரு டிராக்டர் லோடு, ஓரத்துக்குப் பலகை, சுவரில் இரண்டு ஓட்டையை அடைக்கக் கல்லும் சிமெண்டும். மீதி இருந்தால் கோகோ கம்பம். கல்லில் என் பெயர் வந்தால் நானே வந்து சுண்ணாம்பு பூசுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மைதானத்தில் இருப்பேன். ஐம்பது மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது. வரைபடம் போட்ட தம்பி அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வரட்டும், நின்று அளந்து பேசலாம். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், குழியைக் கிளற வேண்டும். அவளும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.